300 பைக், 3 இடம்: நெல்லைப் பக்கம் சேரிட்டி ரைடு படமெடுக்கப் போகிறவர்களுக்கு

சேரிட்டி ரைடு என்றால் ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் திரட்ட பைக்காரர்கள் கூட்டமாக ஊர்வலம் போவது. அதைப் படமெடுக்க முதல் தடவை போனபோது நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் கொடியசைத்ததும் நாலு படம் எடுத்தேன். உடனே கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, என் வண்டியைக் கிளப்பி, கூட்டத்தை விரட்டிக்கொண்டு போனேன். முந்திப் போய் எங்காவது நின்று, எதிரே வருகிற மாதிரி எடுத்துவிடலாம் என்று கணக்கு. 200 வண்டி சேர்ந்து போகும்போது அதை முந்துவது நடக்கிற கதையா? நடந்தாலும் செய்யக் கூடாத வேலை அது. நாங்குநேரி வரைக்கும் கடைசி வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். சாயங்காலம் வீட்டில் கார்டைப் போட்டுப் பார்த்தால் எல்லாம் முதுகு. ஹெல்மெட்டின் பின்பக்கம், பையின் பின்பக்கம், சைலன்சர்.

அதிலிருந்து ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். ஒரு ரைடுக்கு மூன்றே இடம். புறப்படுகிற மைதானம் ஒன்று, வழியில் ஒன்று, இறங்கி டீ குடிக்கிற இடம் ஒன்று. வேறு எதையும் எடுக்கப் போவதில்லை என்று முந்தின நாளே மனசுக்குச் சொல்லிவிட வேண்டும். அது கேட்காதுதான். ஆனால் எல்லாவற்றையும் எடுக்கிறேன் என்று ஓடிய நாளில் எல்லாம் எனக்கு ஒன்றும் தேறவில்லை.

ஏன் படம் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். 2012-ல் சிட்னியில் மார்க் ஹவா என்பவர் 'டிஸ்டிங்விஷ்டு ஜென்டில்மேன்ஸ் ரைடு' என்று ஒன்றைத் தொடங்கினார். கோட்டும் டையுமாகப் பழைய பாணி வண்டிகளில் ஊர்வலம் போய், புராஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் ஆண்களின் மனநலத்துக்கும் பணம் திரட்டுகிற ரைடு அது. இப்போது மே மாதத்தில் உலகம் முழுக்க நடக்கிறது, இந்திய நகரங்களிலும் உண்டு. அந்த யோசனை அவருக்கு வந்ததே ஒரு படத்தைப் பார்த்துத்தான்: தொலைக்காட்சித் தொடர் நாயகன் ஒருவர் கோட்டு சூட்டோடு பழைய பைக்கில் உட்கார்ந்திருந்த படம். நம்ம ஊர் ரைடுக்கும் அடுத்த வருடம் ஆள் சேர்வது இந்த வருடப் படத்தைப் பார்த்துத்தான்.

ஒரு வாரத்துக்கு முன்னால்

ஏற்பாட்டாளர்களுக்குப் போன் போடுங்கள். எந்த வழி, எத்தனை வண்டி, எங்கே நிறுத்துகிறார்கள், முன்னால் போகிற லீடு யார், கடைசியில் வருகிற ஸ்வீப் யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்வீப் வண்டியின் நிறமும் நம்பரும் கட்டாயம் வேண்டும். அது உங்களைத் தாண்டினால்தான் ரைடு முடிந்தது என்று அர்த்தம். இல்லாவிட்டால் இன்னும் வருகிறார்களோ என்று வெயிலில் அரை மணி நேரம் நிற்பீர்கள். வண்டிகள் ஊருக்குள் ஈரடுக்கு மேம்பாலம் வழியாகப் போவதாக இருந்தால் மேல் தளமா கீழ்த் தளமா என்பதையும் கேளுங்கள். சிரிக்காதீர்கள். கேட்காமல் போய் மாற்றி நின்றவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் அப்போதே பேசிவிடுங்கள். பதிவுப் படிவத்தில் "படம் எடுக்கப்படும், வெளியிடப்படும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கூடவே ஒளிரும் ஜாக்கெட் ஒன்றும் கேளுங்கள், ரைடை ஒழுங்குபடுத்துகிற மார்ஷல்கள் போடுவார்களே, அது. அதைப் போட்டுக்கொண்டு நின்றால் போலீஸ்காரர் ஏன் நிற்கிறாய் என்று கேட்க மாட்டார், ரைடர்களும் தூரத்திலேயே உங்களைப் பார்த்துவிடுவார்கள். பெட்ரோல் காசு, சாப்பாடு, படம் யாருக்குச் சொந்தம் என்பதும் இந்தப் போனிலேயே முடிய வேண்டும். நல்ல காரியத்துக்குப் போய்விட்டு அப்புறம் மனஸ்தாபம் எதற்கு?

பிறகு ஒரு சின்னக் கணக்கு. ஒழுங்காகப் போகிற ரைடில் வண்டிகள் இரண்டு வரிசையாக, பக்கத்தில் பக்கத்தில் இல்லாமல் இடம், வலம் என்று மாறி மாறிப் போகும். ஒரே வரிசையில் முன்னால் போகிற வண்டிக்கும் பின்னால் வருகிற வண்டிக்கும் 2 நொடி இடைவெளி. அப்படியென்றால் உங்களைத் தாண்டுவது நொடிக்கு ஒரு வண்டி. 300 வண்டி என்றால் 5 நிமிடம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த வரிசையின் நீளம் 4 கிலோமீட்டருக்கு மேல் வரும். இந்த 5 நிமிடத்துக்காகத்தான் அதிகாலையில் எழுந்து வந்திருக்கிறீர்கள். நொடிக்கு 10 படம் எடுக்கிற கேமராவில் விரலை எடுக்காமல் அழுத்தினால் 3,000 படம். கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கிற ரா கோப்பு ஒன்று 25 எம்பி என்று வைத்தாலே 75 ஜிபி. அதற்கு முன்பே கேமரா மூச்சு வாங்கி நின்றுவிடும், நின்ற நேரத்தில் பார்த்துத்தான் உங்களுக்கு வேண்டிய வண்டி போகும். ஒரு வண்டிக்கு மூன்று படம், விரலை எடு, அடுத்த வண்டி. இந்தத் தாளத்தை வீட்டு வாசலில் போகிற வருகிற வண்டிகளை வைத்து நாலு நாள் பழகுங்கள்.

கொடியசைப்பை விட்டுவிடுங்கள்

இதைச் சொன்னால் ஏற்பாட்டாளர்களுக்குக் கோபம் வரும். ஆனால் கொடியசைப்பைச் சுற்றி 50 போன்கள் நிற்கும். பிரமுகர் கொடியைத் தூக்குவதும், முதல் வரிசை கையைக் காட்டுவதும் எல்லோரிடமும் இருக்கிற படம். கட்டாயம் வேண்டும் என்றால் ஒரு நண்பரை அங்கே நிறுத்துங்கள். நீங்கள் கொடியசைப்பதற்கு அரை மணி நேரம் முன்பே இரண்டாவது இடத்துக்குக் கிளம்பிவிட வேண்டும்.

அதற்கு முந்தின ஒரு மணி நேரம்தான் மைதானத்தில் உங்களுக்கு உரியது. நம்ம பக்கம் ஆறு, ஆறரைக்குள் விடிந்துவிடும். ரைடர்கள் ஐந்தரைக்கே வர ஆரம்பிப்பார்கள். ஓட ஆரம்பித்த பிறகு ஹெல்மெட்டுக்குள்ளே முகம் தெரியாது. எனவே முகம் எல்லாம் இங்கேதான். கையுறையைப் பல்லால் இழுத்துப் போடுகிறவர், டேங்கைத் தன் கைக்குட்டையால் துடைக்கிறவர், அப்பாவின் ஹெல்மெட் வாரை மாட்டிவிடுகிற பெண் பிள்ளை, கிக்கரை உதைத்து உதைத்து ஸ்டார்ட் ஆகாமல் வியர்க்கிற புல்லட்காரர், அவரைச் சுற்றி நின்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிற நாலு பேர். அந்த நாலு பேர் இல்லாத ரைடு கிடையாது.

வெளிச்சம் குறைவாக இருக்கும், ஃபிளாஷ் போடாதீர்கள். அதிகாலை இருட்டில் கண்ணில் அடித்தால் ஓட்டப் போகிறவருக்குத் தொந்தரவு. கேமராவின் வெளிச்ச உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 1600, 3200 வரை ஏற்றுங்கள். கொஞ்சம் புள்ளி விழுந்தால் விழட்டும். ஏசி அறையிலிருந்து கேமராவை நேராகக் கொண்டுவந்தால் லென்ஸில் பனி பூத்த மாதிரி ஈரம் படியும். முந்தின ராத்திரியே ஏசி இல்லாத அறையில் பையை வைத்துவிடுவது நல்லது. எனக்கு ஒரு ரைடில் முதல் 20 நிமிடம் இப்படித்தான் புகை மண்டலமாகப் போனது.

மைதானத்தில் இன்னொரு வேலை உண்டு. ஏதாவது உயரம் தேடி, வண்டிகள் எல்லாம் வரிசையாக நிற்கிறதை அகல லென்ஸில் இரண்டு படம். கேலரிப் படிக்கட்டோ பக்கத்துக் கடை மாடியோ போதும், கேட்டுவிட்டு ஏறுங்கள். "அண்ணாச்சி, பத்து நிமிசம் மாடியில நின்னுக்கிடட்டுமா?" என்றால் இந்த ஊரில் பெரும்பாலும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "பைய ஏறுங்க, கைப்பிடி ஆடும்" என்று கூடவே சொல்வார்கள்.

வழியில் எங்கே நிற்பது

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். இடம் சரியாக அமைந்தால் சாதாரண போனில்கூட நல்ல படம் விழும். இல்லையென்றால் விலை உயர்ந்த லென்ஸும் ஒன்றும் செய்யாது.

நெல்லையிலிருந்து நிறைய ரைடு கன்னியாகுமரிப் பக்கமே போகிறது. நாற்கரச் சாலை, நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு வழியாக 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்தச் சாலை வடக்கிலிருந்து தெற்காகப் போகிறது. காலையில் சூரியன் கிழக்கே. மேற்குத் தொடர்ச்சி மலை மேற்கே, வள்ளியூர் பணகுடி தாண்டும்போது நன்றாகவே நெருங்கி வந்துவிடும். தெற்கே போகிற வண்டிகள் இடப்பக்கம், அதாவது கிழக்குப் பாதையில் போகும். ஆகவே அந்தப் பாதையின் இடது ஓரத்தில் முதுகைச் சூரியனுக்குக் காட்டி நின்றீர்கள் என்றால், வெயில் உங்கள் பின்னாலிருந்து வண்டி மேல் விழும். வண்டிக்குப் பின்னால் மலை நிற்கும். எங்கேயோ போய்த் தேட வேண்டிய பின்னணி சும்மா கிடைக்கிறது. எதிர்ப்பக்கம் நின்றால் பின்னணியில் வானமும் எதிர்வெயிலும்தான்.

மாதத்தையும் பாருங்கள். மார்கழி, தையில் சூரியன் கிழக்கிலிருந்து தெற்கே விலகி உதிக்கிறது. தெற்கே போகிறவர்களின் முகத்தில், ஹெட்லைட்டில், டேங்கில் சாய்வாக வெளிச்சம் விழும். ஆனி, ஆடியில் வடக்கே விலகி உதிப்பதால் அதே இடத்தில் அதே நேரத்தில் வெளிச்சம் வண்டியின் பின்பக்கம் விழும். அப்போது முன்னால் வரும்போது எடுக்காமல், நேர் பக்கவாட்டில் வரும்போது எடுப்பது மேல்.

ஆடிக்கு வேறொரு சங்கதியும் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று. பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. மேற்கே பார்த்து நிற்கிற உங்கள் முகத்தில்தான் அந்தக் காற்றும் மண்ணும் அடிக்கும். பக்கக்காற்றில் ரைடர்கள் வண்டியை லேசாகச் சாய்த்தபடி நேராக ஓட்டுவார்கள். காற்றாலை வரிசை பின்னால் சுற்ற அந்தச் சாய்வு படத்தில் அழகாக வரும். ஆனால் அங்கே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். சென்சாரில் மண் ஏறினால் தெளிவான வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும், லென்ஸின் துவாரத்தை, அதாவது அப்பெர்ச்சரை, 16-க்கு மேல் மூடினால் ஒன்றுவிடாமல் தெரியும். ஒரு லென்ஸோடு போய் ஒரு லென்ஸோடு திரும்புங்கள். முன்னால் ஒரு சாதாரண யூவி ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள். ட்ரைபாட் வேண்டவே வேண்டாம், காற்று தள்ளிவிடும்.

ஒவ்வொருவரையும் தனியாக எடுக்க வேண்டும் என்றால் டோல்கேட்டைத் தாண்டின இடம் நல்லது. இருசக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை, ஓரத்து ஒடுக்கமான வழியில் ஒவ்வொன்றாக வெளியே வரும். வேகமும் குறைவு. நாலு கிலோமீட்டர் நீள ரைடு அங்கே ஒற்றை வரிசையாகிவிடுகிறது. நாங்குநேரி டோல்கேட்டில் நிற்பதாக இருந்தால் அங்கே உள்ளவர்களிடம் சொல்லிவிட்டு, வண்டிகள் மறுபடி வேகம் எடுக்கிற இடத்துக்கு முன்பாக, தடுப்புக்கு வெளியே நில்லுங்கள். கூட்டமாகத் தெரிய வேண்டும் என்றால் மேம்பாலத்தின் மேல் ஏறிக் கீழே பார்த்து எடுப்பதுதான் வழி. 200 எம்எம் லென்ஸில் தூரத்தை இழுத்தால் 10 மீட்டர் தள்ளித் தள்ளி வருகிற வண்டிகள் ஒன்றன் மேல் ஒன்று அடுக்கின மாதிரி தெரியும். கேமரா வார் கழுத்தில் இருக்கட்டும். லென்ஸ் மூடி பாக்கெட்டில் இருக்கட்டும், கைப்பிடிச் சுவர் மேல் வைக்காதீர்கள். கீழே வருகிறவர் தலையில் விழுந்தால் என்ன ஆகும்?

அம்பை என்கிற அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கம் போகிற ரைடு வேறு மாதிரி. சாலை மேற்கே போவதால் காலையில் சூரியன் ரைடர்களின் முதுகில். முன்னால் நின்று எடுத்தால் முகம் இருட்டு, விளிம்பில் மட்டும் தங்கக் கோடு. அது வேண்டும் என்றால் எடுங்கள், நன்றாகவே இருக்கும். வேண்டாம் என்றால் சேரன்மகாதேவி தாண்டி, சாலை திரும்புகிற ஏதாவது ஒரு வளைவைத் தேடுங்கள். வளைவில் வண்டி ஒரு கணம் வெயிலுக்குப் பக்கம் காட்டும். பிசானப் பருவத்து நெல் பச்சையாக நிற்கிற மாதங்களில் அந்தப் பக்கத்தை அடித்துக்கொள்ள முடியாது.

முக்கூடல் வழியாகப் போன ஒரு ரைடில் நான் ரைடை எடுக்கவே இல்லை என்று சொல்லலாம். சத்தம் கேட்டதும் வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்த அக்கா, மடியில் சுளகை வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தார். கை மட்டும் நிற்காமல் இலையைச் சுருட்டிக்கொண்டே இருந்தது. ரைடு முழுவதும் என் முதுகுக்குப் பின்னால் போனது. படம் எடுத்த பிறகு போய்க் கேட்டேன். "வச்சுக்கோ தம்பி, பேப்பர்ல கீப்பர்ல போட்டுராத" என்றார். போடவில்லை. 5 நிமிடத்தில் கடைசி 1 நிமிடத்தையாவது இப்படித் திரும்பிப் பார்க்கக் கொடுங்கள். பள்ளிக்கூடச் சுவர் மேல் ஏறி நிற்கிற பையன்கள், ஆட்டுக் கூட்டத்தை ஓரம் கட்டிவிட்டுக் காதைப் பொத்துகிற கீதாரி, டீக் கடை பெஞ்சிலிருந்து எழுந்தே வந்துவிட்ட பெரியவர்கள் எல்லாம் கிடைப்பார்கள்.

கேமராவில் என்ன வைப்பது

பழகாதவர்கள் எல்லோரும் செய்கிறது ஒன்று: வண்டி வேகமாகப் போகிறதே என்று ஷட்டர் வேகத்தை 1/2000-க்கு, அதாவது ஒரு நொடியில் 2000-ல் ஒரு பங்குக்கு, ஏற்றிவிடுவது. படம் பளிங்கு மாதிரி இருக்கும். ஆனால் சக்கரத்தின் கம்பி ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி உறைந்து நிற்கும். யாரோ நாற்கரச் சாலை நடுவே வண்டியை நிறுத்தி, மேலே உட்கார்ந்து போஸ் கொடுத்தது போல இருக்கும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். 1/1000 நொடியில் வண்டி 2 சென்டிமீட்டர்கூட நகராது. 1/60-ல் 28 சென்டிமீட்டர் நகரும். நேரே எதிரில் வருகிற வண்டிக்கு 1/500 போதும், சக்கரம் அதிகம் தெரியாது. பக்கவாட்டில் போகிற வண்டிக்கு 1/125-ல் ஆரம்பித்து, கை பழகப் பழக 1/60, 1/30 என்று இறங்குங்கள். இதற்குப் பெயர் பேனிங். வண்டி வருகிற வேகத்திலேயே கேமராவையும் சேர்த்துத் திருப்புவது.

கால் இரண்டையும் வண்டி உங்களுக்கு நேராக வரப்போகிற இடத்தைப் பார்த்து ஊன்றுங்கள். இடுப்பை மட்டும் திருப்பி வண்டி வருகிற பக்கம் பாருங்கள். ஹெட்லைட்டிலோ பெட்ரோல் டேங்கிலோ ஃபோகஸ் புள்ளியை வைத்து, கூடவே திரும்பி, நேரே வரும்போது அழுத்தி, அழுத்தின பிறகும் திருப்புவதை நிறுத்தாதீர்கள். படம் கெடுவது பெரும்பாலும் இந்தக் கடைசி இடத்தில்தான். பந்தை அடித்ததும் மட்டையை அப்படியே நிறுத்த மாட்டோமே, அதே மாதிரிதான். ஃபோகஸ் வண்டியோடு கூடவே நகர்கிற தொடர் முறையில் இருக்க வேண்டும், ஒரே தூரத்தில் நின்றுவிடுகிற ஒற்றை முறையில் அல்ல. பத்துக்கு ஒன்று தேறினால் சந்தோஷப்படுங்கள். 1/30-ல் எனக்கு இன்னும் அதைவிட மோசம்.

வெயில் ஏறிய பிறகு 1/60 வைத்தால் ஐஎஸ்ஓ 100-ல்கூட அப்பெர்ச்சரை 16-க்கு மேல் மூட வேண்டியிருக்கும். வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் இருந்தால் போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான போன்களில் அப்பெர்ச்சரை மூடவே முடியாது. அதனால் போன் வைத்திருக்கிறவர்கள் பேனிங்கை விடிகிற நேரத்து மங்கல் வெளிச்சத்தோடு முடித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் நாமே அமைக்கிற ப்ரோ முறையில் ஐஎஸ்ஓவைக் கடைசி வரை இறக்கி 1/60 வையுங்கள். வெயிலில் அதே போனில் தொடர் படம்தான் கைகொடுக்கும். ஷட்டர் பட்டனை அழுத்திப் பிடிப்பதா ஓரத்துக்கு இழுப்பதா, உங்கள் போனில் எது என்று முந்தின நாளே பாருங்கள். விரலால் விரித்து ஜூம் செய்யாதீர்கள். லென்ஸைச் சட்டை நுனியால் ஒரு தடவை துடையுங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே படம் தெளிந்துவிடும்.

ஹெட்லைட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2017 ஏப்ரல் 1 முதல் வருகிற இருசக்கர வண்டிகளில் என்ஜின் ஓடினாலே முன்விளக்கு எரியும், அணைக்க முடியாது. நேரே வருகிற 10 விளக்கைப் பார்த்தால் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும். படத்தின் வெளிச்ச அளவை, அதாவது எக்ஸ்போஷரை, பிளஸ் பக்கம் அரையோ ஒன்றோ தள்ளுங்கள். சத்தமில்லாமல் எடுக்கலாமே என்று எலெக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் எல்இடி விளக்கில் கோடு கோடாக விழலாம், வேகமான சக்கரம் முட்டை மாதிரி கோணலாகலாம். இந்த இடத்தில் பழைய மெக்கானிக்கல் ஷட்டர்தான் நல்லது. 300 சைலன்சர் சத்தத்தில் உங்கள் ஷட்டர் சத்தம் யார் காதில் விழப்போகிறது?

ட்ரோன் ஆசை எல்லோருக்கும் வரும். கன்னியாகுமரி வழியில் அதை மறந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன், மகேந்திரகிரியில் இஸ்ரோ, அந்தப் பக்கம் கூடங்குளம் அணுமின் நிலையம். அம்பைப் பக்கம் போனால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 2021 ட்ரோன் விதிகளின்படி அரசின் டிஜிட்டல் ஸ்கை என்கிற இணைய வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருக்கிறார்கள். நிற்கப் போகிற இடம் எந்த நிறம் என்று பார்க்காமல் பெட்டியைக்கூடத் திறக்காதீர்கள்.

உசுரு முக்கியம்

வியூஃபைண்டரில் ஒரு கண்ணை வைத்தால் மற்ற உலகம் மறைந்துவிடும். ரைடுக்காக நெடுஞ்சாலையை யாரும் மூடி வைப்பதில்லை. நாகர்கோவில் பஸ் அதன் வேகத்தில் வந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரு துணை வேண்டும். அவர் படம் எடுக்கக் கூடாது, போன் பார்க்கக் கூடாது, உங்கள் பின்னால் வருகிறதைப் பார்த்துத் தோளைத் தட்டுவது மட்டும்தான் வேலை. எனக்கு என் மச்சான் வருவான். சாப்பாடு என் செலவு.

ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைக்காதீர்கள். அரளி வைத்திருக்கிற நடுத்திட்டில் நிற்காதீர்கள், இரண்டு பக்கமும் வண்டி, தப்பிக்க வழி இல்லை. தரையோடு தரையாக எடுக்க வேண்டும் என்று படுக்காதீர்கள். திரையை மடக்கித் திருப்பி, கேமராவை மட்டும் தாழ்த்தினால் போதும். பைக் பின் சீட்டில் திரும்பி உட்கார்ந்து எடுப்பது, கார் டிக்கியைத் திறந்து வைத்து எடுப்பது எல்லாம் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். நான் செய்ய மாட்டேன், உங்களையும் செய்யச் சொல்ல மாட்டேன். ஓட்டுகிறவரைக் கூப்பிட்டுக் கையசைக்கச் சொல்வதும் வேண்டாம். அவர் உங்களைப் பார்க்கிற அந்த ஒரு நொடியில் முன்னால் போகிறவர் பிரேக் அடிப்பார்.

யாராவது விழுந்தால் கேமராவைக் கீழே வையுங்கள். 108-க்குப் போன் போடுவதும், பின்னால் வருகிற வண்டிகளை நிறுத்துவதும்தான் அப்போது வேலை.

டீக் கடையும் மேடையும்

ரைடு உங்களைத் தாண்டிப் போய்விட்டது. இனி அவசரம் இல்லை, அவர்கள் எப்படியும் அரை மணி, முக்கால் மணி நிற்பார்கள். மெதுவாகப் போய்ச் சேருங்கள். ஹெல்மெட்டைக் கழற்றினதும் தலைமுடி ஒட்டிப்போய், நெற்றியில் கோடு விழுந்து, சிரித்துக்கொண்டே வடையைப் பிய்க்கிற முகம் இருக்கிறதே, காலையில் எடுத்த முகத்துக்கு அதுதான் ஜோடி. ஒன்பது மணிக்கு மேல் நம்ம ஊர் வெயில் கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் விழவைக்கும். அவர்களைப் பந்தல் நிழலுக்குள்ளோ புளிய மரத்தடிக்கோ கூப்பிட்டு எடுங்கள். பதநீர்க் கடை கண்ணில் பட்டால் அங்கேயே நில்லுங்கள், பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிக்கிறபோது யாரும் கேமராவைப் பார்ப்பதில்லை.

கடைசியில் மேடை. பொன்னாடை, பேச்சு, பெரிய அட்டைக் காசோலை. எல்லோருக்கும் பொன்னாடை போட்டு முடிய நேரமாகும், அந்த நேரத்தில் கார்டிலிருந்து ஒரு நகல் எடுத்துவிடலாம். காசோலைப் படம் ஒன்று போதும், அது கணக்குக்கு.

நிதி யாருக்குப் போகிறதோ அவர்களை எடுப்பதில் கவனம் வேண்டும். ரைடு ஒரு குழந்தைகள் இல்லத்தில் முடிந்தால் பிள்ளைகளின் முகம் தெரிகிற மாதிரி எதையும் வெளியிடக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. நல்ல எண்ணத்தோடு செய்தேன் என்பது பதில் ஆகாது. பெரியவர்கள் என்றாலும் உதவியைக் கையில் கொடுக்கிற அந்த நிமிடத்தைப் படமாக்க எனக்குப் பிடிப்பதில்லை. வாங்குகிறவர் தலை குனிந்திருப்பார், கொடுக்கிறவர் கேமராவைப் பார்த்திருப்பார். அதற்குப் பதில் பெரிய ஹெல்மெட்டைப் போட்டுப் பார்க்கிற பிள்ளையைப் பின்பக்கமிருந்து எடுக்கலாம், பைக் ஹாண்டிலைப் பிடித்திருக்கிற சின்னக் கையை எடுக்கலாம்.

அன்று ராத்திரி

தூங்குவதற்கு முன் 20 படம் அனுப்புங்கள். மறுநாள் காலையில் எல்லோரும் ஸ்டேட்டஸ் வைப்பது அதைத்தான், ஒரு வாரம் கழித்து அனுப்புகிற 400 படத்தை அல்ல. வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். மீதியை ஒரு வாரத்துக்குள் லிங்க்காகக் கொடுங்கள். பதிவு எண் ஸ்டிக்கர் ஹெட்லைட்டில் தெரிகிற மாதிரி ஒட்டியிருந்தால், தன் படம் எது என்று ஒவ்வொருவரும் கேட்கும்போது தேட லேசாக இருக்கும். இரண்டு பேர் எடுத்திருந்தால் காலையிலேயே இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் ஒன்றாக வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரிசைப்படுத்தும்போது டீ குடித்த பிறகு புறப்படுவார்கள்.

குழுவுக்குள் கொடுக்கிற படத்தில் நம்பர் பிளேட் இருந்துவிட்டுப் போகட்டும். பொதுவில் போடுகிறதில் மங்கலாக்கிவிடுவது என் வழக்கம். முகத்தின் மேல் பெரிதாகப் பெயர் போட்டு வாட்டர்மார்க் அடிக்காதீர்கள், ஒரு மூலையில் சிறிதாக இருக்கட்டும். எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் ஏற்றிச் சரிபார்க்கும் வரை கார்டை அழிக்க வேண்டாம்.

அப்புறம் நாலு படத்தைப் பிரிண்ட் போடுங்கள். மாடியில் நிற்கவிட்ட அண்ணாச்சிக்கு ஒன்று, அந்தக் கடை தெரிகிற மாதிரி. அடுத்த வருடமும் அதே மாடிதான் வேண்டியிருக்கும், அதற்குள் கைப்பிடியைச் சரிசெய்திருப்பாரா என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.